வேலை போயிற்று, ஆள் போகவில்லை

நம் ஊர்த் தெருக்களில் கதவிலக்கம் சொல்லி வழி கேட்போர் குறைவு. "மில்காரர் வீடு", "கம்பவுண்டர் வீடு", "ரயில்வேக்காரர் வீடு" என்றே வீடுகள் அறியப்படுகின்றன. திருமண அழைப்பிதழில் மணமகன் பெயருக்குக் கீழே அவர் படித்த பட்டத்தையும் பணிபுரியும் இடத்தையும் அச்சிடுகின்றோம். கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றச் செல்லும்போது பார்த்தால், "ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்" என்று கல்லிலும் செதுக்கி வைத்திருக்கின்றோம். ஒருவரை முதன்முறை சந்தித்தால் பெயரைக் கேட்ட மறுகணம் நாம் கேட்பது, "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்பதே.

இதில் தவறொன்றும் இல்லை. உழைத்து உண்பது மனிதனுக்கு அழகு. ஆனால், பெயரோடு இவ்வாறு ஒட்டிக்கொண்ட வேலை ஒருநாள் போய்விடுமானால், அந்தப் பெயருக்கு உரியவர் யார்? இக்கேள்வியை நாம் விளையாட்டாகக் கேட்கவில்லை. பஞ்சாலையின் வாயிற்கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பிய தந்தையரும், கணினி நிறுவனத்திலிருந்து வந்த ஒரே ஒரு மின்னஞ்சலால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் நம் பங்குகளில் இருக்கின்றனர். அவர்களுள் பலர் இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. இரவில் கூரையைப் பார்த்தபடி தங்களையே கேட்டுக்கொள்கின்றனர்.

நாம் அறிந்த ஒரு குடும்பத் தலைவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஆலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர். ஆட்குறைப்பில் வேலை போயிற்று. அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல் காலை எட்டு மணிக்கு, மனைவி கட்டித் தந்த சோற்றுப் பாத்திரத்துடன் புறப்படுவார். பேருந்து நிலையத்திலும் பூங்காவிலும் சில நாள் கோயிலின் கடைசி பெஞ்சிலும் அமர்ந்துவிட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்புவார். ஏழு வாரங்கள் இவ்வாறு சென்றன. எட்டாம் வாரத்தில் சம்பளக் கணக்கு இடித்தது, உண்மை வெளிப்பட்டது. அவருடைய மனைவி சொன்ன சொல் நம் நெஞ்சில் நிற்கின்றது: "சம்பளம் நின்றுபோனதை நாங்கள் தாங்கிக்கொள்வோம். இத்தனை நாள் எங்களிடம் சொல்லாமல் தனியாக இருந்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை."

அம்மனிதர் மறைத்தது வருமானக் குறைவை மட்டும் அன்று. தாம் ஒரு ஆளாக இல்லாமற் போய்விட்டதாக எண்ணிய எண்ணத்தையே அவர் மறைத்தார். வேலையோடு உண்மையில் எவை போகின்றன, எது போவதில்லை என்பதை அறிந்துகொண்டால், இத்தகையோருக்கும் அவர்தம் இல்லத்தாருக்கும் வழி தெரியும். இதனை நமக்குத் தெளிவாகக் கற்பித்த ஊர் ஒன்று உண்டு.

மரியாயின் பள்ளத்தாக்கு

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவுக்குத் தென்கிழக்கே, கிராமட்நொய்சீடல் என்னும் ஊரை ஒட்டி மரியந்தால் என்ற தொழிலாளர் குடியிருப்பு இருக்கின்றது. அப்பெயருக்கு மரியாயின் பள்ளத்தாக்கு என்பது பொருள். 1830-இல் அங்கே ஒரு நூற்பாலை எழுந்தது. நாளடைவில் நெசவு, வெளுப்பு, அச்சு எனப் பல பிரிவுகளாக வளர்ந்தது. ஊரே அதனால் வாழ்ந்தது. தாத்தாவும் தந்தையும் மகனும் ஒரே ஆலையின் சங்கொலிக்கு எழுந்தவர்கள்.

உலகப் பொருளாதார நெருக்கடி தொடங்கிய 1929-ஆம் ஆண்டில் ஆலையின் பிரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1930 பிப்ரவரியில் தறிகளும் நின்றன. 1,486 பேர் வாழ்ந்த அவ்வூரில், 478 குடும்பங்களுள் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவற்றில் ஒருவருக்குக்கூட நிலையான வேலை இல்லாமற் போயிற்று.

1931-ஆம் ஆண்டின் இறுதியில் வியன்னாவிலிருந்து ஆராய்ச்சியாளர் சிலர் அங்கே வந்தனர். மரீ யஹோடா என்னும் 24 வயதுப் பெண்மணியும், பவுல் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவர்களுள் முதன்மையானவர்கள். நோட்டுப் புத்தகத்தோடு வேடிக்கை பார்ப்பவராக எவரும் அவ்வூரில் இருக்கக்கூடாது. ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையை ஒவ்வொருவரும் செய்ய வேண்டும் என்பது அவர்கள் தமக்கென வகுத்துக்கொண்ட விதி. அதன்படி துணிகளைத் திரட்டி வழங்கினர். மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தனர். பெண்களுக்குத் துணி வெட்டும் வகுப்பு நடத்தினர். அவர்கள் கண்டறிந்தவை 1933-இல் நூலாக வெளிவந்தன. வேலையின்மையைப் பற்றிப் பேசுவோர் இன்றளவும் அந்நூலிலிருந்தே தொடங்குகின்றனர்.

கடிகாரத்தை மறந்த ஊர்

வேலையில்லை என்றால் நேரம் நிறைய இருக்கும். நேரம் இருந்தால் மனிதன் படிப்பான், தோட்டம் போடுவான், நண்பரோடு உறவாடுவான், உரிமைக்காகப் போராடுவான் என்று நாம் நினைப்போம். அங்கே நிகழ்ந்தது நேர்மாறானது.

ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பதற்கான கட்டணத்தை நீக்கிப் பார்த்தார்கள். ஆயினும் 1929 முதல் 1931 வரையிலான இரண்டே ஆண்டுகளில், எடுத்துச் செல்லப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. சங்கங்களில் ஆள் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் நடையே தளர்ந்தது. நூறு கெஜம் நடப்பதற்குள் நின்று நின்று சென்றனர். கடிகாரத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. பெரும்பாலான ஆண்களின் சட்டைப்பையில் அது இல்லை. நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதித் தருமாறு கேட்டபோது, எழுந்தது, உண்டது, உறங்கச் சென்றது என்ற மூன்றைத் தவிர வேறெதையும் பலரால் நினைவுகூர இயலவில்லை. இடையிலிருந்த மணிகள் எங்கோ வழிந்தோடிவிட்டன.

பெண்களின் நிலை வேறாக இருந்தது. அவர்களுள்ளும் பலர் ஆலையில் உழைத்து வேலையிழந்தவர்களே. ஆயினும் அடுப்படி மூடப்படவில்லை. குறைந்த காசைக் கொண்டு சமைக்கவும், கிழிந்ததை ஒட்டுப்போட்டுத் தைக்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் அவர்களுக்கு நாள் போதவில்லை. தெருவில் அவர்கள் ஆண்களைவிட விரைவாக நடந்தனர். அவர்களின் சுமை கூடியது. ஆனால் அவர்களின் நாள் உருக்குலையவில்லை. அப்பெண்களும் ஆலைக்குத் திரும்ப ஏங்கினர் என்பதை மறத்தலாகாது. கூலிக்காக மட்டுமன்றி, நான்கு சுவர்களுக்கு வெளியே மற்றவர்களோடு கூடியிருந்த வாழ்வுக்காகவும் ஏங்கினர். வேலையிழந்த ஒரு பெண்ணிடம், "போனால் போகட்டும், வீட்டில் நிம்மதியாக இரு" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அவளுக்கும் அது இழப்புத்தான்.

இன்னொன்றையும் அவர்கள் கண்டனர். துன்பத்தைத் தாங்கிய விதத்தைக் கொண்டு குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தனர். நாளையைப் பற்றித் திட்டமிட்டு உடையாமல் நின்ற குடும்பங்கள். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு ஒடுங்கியிருந்த குடும்பங்கள். வீட்டைப் பேணியபோதும் உள்ளத்தில் நம்பிக்கையிழந்த குடும்பங்கள். எதிலும் அக்கறையின்றிச் சோர்ந்துவிட்ட குடும்பங்கள். ஒடுங்கியிருந்தோரே மிகப் பலர். பிறகு ஒவ்வொரு வகையினரின் வருமானத்தையும் கணக்கிட்டனர். உடையாதவர்களுக்கு ஆளொன்றுக்கு மாதம் சராசரியாக 34 ஷில்லிங், ஒடுங்கியோருக்கு 30, நம்பிக்கையிழந்தோருக்கு 25, சோர்ந்தோருக்கு 19.

இந்த எண்களைப் படிக்கும்போது நம் வாய் அடைத்துப்போக வேண்டும். மனவுறுதிக்கும் தளர்ச்சிக்கும் இடையே சில ஷில்லிங்குகளே இருந்தன. ஆகையால், துவண்டுபோன ஒரு சகோதரரைப் பார்த்து, "உமக்கு விசுவாசம் போதாது", "உமக்கு முயற்சி இல்லை" என்று சொல்லுமுன் அவர் வீட்டு அரிசிப் பானையை நாம் எட்டிப் பார்க்க வேண்டும். ஆறுதல் சொல்லும் நாவுக்கு முன்பாக, உதவும் கை செல்ல வேண்டும்.

சம்பளத்தோடு சென்ற ஐந்து

மரீ யஹோடா பிற்காலத்தில் இங்கிலாந்தில் குடியேறி, 2001 வரை வாழ்ந்தார். மரியந்தாலில் கண்டதை ஐம்பதாண்டுகள் சிந்தித்து, 1982-இல் வெளிவந்த நூலொன்றில் தெளிவாக்கினார். ஊதியம் ஒருபுறமிருக்க, வேலை மனிதனுக்கு நாம் கவனியாத ஐந்து நன்மைகளைத் தருகின்றது என்பது அவர் கருத்து. முதலாவது, நாளுக்கு ஓர் ஒழுங்கு. இரண்டாவது, குடும்பத்துக்கு அப்பாற்பட்டவரோடு பழக்கம். மூன்றாவது, பலரோடு சேர்ந்து ஒரு நோக்கத்துக்காக உழைக்கின்றோம் என்னும் உணர்வு. நான்காவது, சமூகத்தில் ஓர் இடமும் அடையாளமும். ஐந்தாவது, உடலும் மனமும் ஓயாமல் ஈடுபட்டிருத்தல்.

வேலை போகும்போது இந்த ஐந்தும் ஒரே நாளில் சேர்ந்து போகின்றன. ஐந்து விளக்குகளும் ஒருசேர அணைந்த அறையில் நிற்பவன், அறையே இல்லை என்று எண்ணிவிடுகின்றான். நம் ஸ்டோர் கிளார்க் சோற்றுப் பாத்திரத்தோடு புறப்பட்டதன் பொருள் இப்போது விளங்குகின்றதன்றோ? மனைவி மக்களை ஏமாற்றுவதற்காக அன்று; எட்டு மணிக்குப் புறப்படும் மனிதனாகத் தம்மையே காப்பாற்றிக்கொள்ளவே அவர் அவ்வாறு செய்தார்.

எது போகவில்லை?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து 1891-இல் எழுதிய மடலின் 90-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1981 மே 15 அன்று அதனை வெளியிட எண்ணியிருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பாக அவர் சுடப்பட்டார். உடல் தேறியபின் செப்டம்பர் 14 அன்று மடல் வெளிவந்தது.

உழைப்பைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி உண்டு. நாஜிகள் போலந்தைப் பிடித்துப் பல்கலைக்கழகத்தை மூடிய காலத்தில், மாணவராயிருந்த அவர் 1940-இல் கல்லுடைக்கும் குவாரியில் கூலியாளாகச் சேர்ந்தார். பின்னர் ஓர் இரசாயன ஆலையில் உழைத்தார். அவருடைய படிப்பும் பட்டமும் பறிக்கப்பட்டன. கையில் எஞ்சியது சம்மட்டி. அந்த அனுபவமுடையவர் தம் மடலில் வலியுறுத்துவது இது: ஒருவர் செய்யும் வேலை எத்தகையது என்பதால் அவருக்கு மதிப்பு வருவதில்லை, வேலையைச் செய்பவர் மனிதர் என்பதால்தான் வேலைக்கே மதிப்பு வருகின்றது. உழைப்பு மனிதனுக்காக ஏற்பட்டது. உழைப்புக்காக மனிதன் ஏற்பட்டவனல்லன். அதே மடல் வேலையின்மையை ஒரு தீமை என்றும், வேலையிழந்தோரும் அவர்தம் குடும்பத்தாரும் வாழ்வதற்கு வகைசெய்வது சமூகத்தின் கடமை என்றும் கூறுகின்றது. மனித மதிப்பைப் பேசிவிட்டுப் பசியை மறந்துவிடவில்லை.

நாசரேத்து ஊரார் செய்த பிழையையும் நினைத்துப் பார்ப்போம். சேசுநாதர் அவர்களுடைய செபக்கூடத்தில் போதித்தபோது, இவர் தச்சனுடைய மகன்தானே என்று கூறி அவரை ஏற்க மறுத்தனர். ஒரு தொழிற்பெயரைச் சொன்னவுடன் ஆளை முழுவதும் அளந்துவிட்டதாக அவர்கள் எண்ணிக்கொண்டனர். எதிரில் நிற்பவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போயிற்று. தொழிலைக் கொண்டு பிறரை அளப்பது எவ்வளவு பிழையோ, தொழில் போனதைக் கொண்டு தன்னையே அளந்துகொள்வதும் அவ்வளவு பிழையே.

ஞானஸ்நானத் தொட்டியருகே நமக்குப் பெயரிட்டபோது எவரும் நம் வேலையைக் கேட்கவில்லை. தந்தை, மகன், கணவன், அண்ணன், பங்கின் உறுப்பினன் என்னும் உறவுகள் எந்த நிறுவனமும் கொடுத்தவையல்ல. ஆகவே எந்த நிறுவனமும் அவற்றைப் பறிக்கவும் இயலாது.

மீளும் வழி

இவ்வுண்மையை அறிந்துவிட்டால் மட்டும் போதாது. அணைந்த ஐந்து விளக்குகளையும் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும்.

முதற்காரியம், அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுவது. மனைவியிடம் மட்டுமன்றி, விவரமறிந்த பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும். வரவேண்டிய பணிக்கொடை, வைப்புநிதி, கைக்கடன், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை ஒரே தாளில் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து எழுத வேண்டும். கணக்குத் தெரிந்துவிட்டால் அச்சத்தில் பாதி குறையும். கௌரவத்தைக் காக்கக் கடன் வாங்கி விழா எடுப்பது இக்காலத்தில் ஆகவே ஆகாது.

இரண்டாவது, நாளுக்கு உருக்கொடுப்பது. வேலைக்குச் சென்ற நாளில் எழுந்த அதே நேரத்தில் எழ வேண்டும். முகம் மழித்து, சலவை செய்த சட்டை அணிய வேண்டும். வேலை தேடுவதற்கென்று குறித்த மணிநேரம் ஒதுக்கி, அது முடிந்தபின் வேறு வேலையில் இறங்க வேண்டும். நாள் முழுதும் கைப்பேசியில் வேலை தேடுவதாக எண்ணிக்கொண்டிருப்பது, மரியந்தால் தெருவில் நின்று நின்று நடந்ததற்கு ஒப்பானது. மரியந்தால் பெண்களைத் தாங்கியது எது என்பதைக் கணவன்மார் கவனிக்க வேண்டும். தண்ணீர் பிடிப்பதும், காய் நறுக்குவதும், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதும் ஆண்மைக்குக் குறைவல்ல. மனைவியின் சுமையும் குறையும். கணவனின் நாளும் உருக்குலையாது.

மூன்றாவது, துக்கத்துக்கு இடம் கொடுப்பது. நெடுங்காலம் செய்த வேலையை இழப்பது ஒருவகை இறப்பு. சில மாதங்கள் மனம் வலிக்கும், கோபமும் வரும். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் உறக்கமும் உணவும் அறவே கெட்டு, வாழ்ந்து பயனில்லை என்னும் எண்ணம் தலைகாட்டினால், காய்ச்சலுக்குச் செல்வதுபோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அத்தகையவரைத் தனியே விடலாகாது.

பங்கு என்ன செய்யலாம்?

மரியந்தாலில் ஒருவர் ஊர் ஊராகச் சென்று மவுத்தார்கன் வாசித்துச் சில காசு பெற்றார். அதைக் காரணங்காட்டி அவருடைய உதவித்தொகை நிறுத்தப்பட்டது. உதவி பெறுபவர் சும்மா இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. சட்டத்தில் மட்டும் அன்று, நம் தருமத்திலும் இப்பிழை நுழைந்துவிடுவதுண்டு. அரிசியும் பருப்பும் கொடுத்துவிட்டு, கொடுக்கப்பட்டவரிடமிருந்து ஒன்றும் பெறாமல் அனுப்பிவிடுகின்றோம். வாங்கிக்கொண்டே இருப்பவனாக ஒரு மனிதனை ஆக்குவது அவனை மேலும் சிறியவனாக்கும்.

நாம் மேலே கூறிய ஸ்டோர் கிளார்க்கின் பங்கில், வின்சென்ட் தே பவுல் சபையினர் மூன்று மாதங்களுக்கு மளிகைச் செலவை ஏற்றனர். பங்குத்தந்தை வேறொன்று செய்தார். "ஐயா, பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் கறையான் அரித்துக் கிடக்கின்றன. இருபது வருடம் கணக்கு எழுதிய கை உங்களுடையது. வந்து ஒழுங்குபடுத்தித் தர முடியுமா?" என்று கேட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் மீண்டும் சோற்றுப் பாத்திரத்துடன் புறப்பட்டார். இம்முறை எங்கே செல்கின்றார் என்பது வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து மாதங்களுக்குப்பின் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிதான். "மில் கிளார்க்" என்ற பெயர் திரும்பவில்லை. அவர் திரும்பினார்.

அந்த மரியந்தாலுக்கும் ஒரு பின்கதை உண்டு. 2020 அக்டோபரில், அதே கிராமட்நொய்சீடலில், நெடுங்காலம் வேலையின்றி இருந்த அனைவருக்கும் ஊதியத்துடன் வேலை தரும் முயற்சி ஒன்றை அரசின் வேலைவாய்ப்புத் துறை தொடங்கியது. எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. சிலர் மரவேலை செய்தனர். சிலர் ஊர்ப் பூங்காக்களைப் பேணினர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் பயனை ஆராய்ந்தனர். வருமானம் மட்டுமன்றி, நாளின் ஒழுங்கும், பிறரோடு பழக்கமும், தாம் மதிக்கப்படுகின்றோம் என்னும் உணர்வும் அவர்களுக்கு மீண்டிருந்தன. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எந்த ஊர் இழப்பைக் கற்பித்ததோ, அதே ஊர் மீட்சியையும் கற்பித்தது.

நம்மால் எல்லோருக்கும் வேலை கொடுக்க இயலாது. ஆனால் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது, "இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்பதை விட்டுவிட இயலும். வேலை போனதற்காகப் பக்தசபையின் பொறுப்பிலிருந்து ஒருவரை ஒதுக்காமலிருக்க இயலும். திருவிழாக் குழுவில் வரி கட்ட முடியாதவருக்கும் நாற்காலி போட இயலும். நம் கடையில், நம் அலுவலகத்தில் ஓர் இடம் காலியானால், முதலில் அவரை நினைக்க இயலும்.

திராட்சைத் தோட்டத்து உவமை நமக்குத் தெரிந்ததே. மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் சிலர் நின்றுகொண்டிருந்தனர். ஏன் சும்மா நிற்கின்றீர்கள் என்று தோட்டத் தலைவர் கேட்டபோது, தங்களை வேலைக்கு அழைப்பார் எவருமில்லை என்றனர். சோம்பேறிகள் என்று அவர் அவர்களை வையவில்லை. ஒரு மணி நேரமே எஞ்சியிருந்தபோதும் தோட்டத்துக்கு அனுப்பினார். அன்றைய குடும்பச் செலவுக்கு வேண்டிய முழுக்கூலியையும் கொடுத்தார். அழைக்கப்படாமல் நின்ற அந்த நீண்ட பகல் முழுவதும் அவர்கள் மனிதராகவே நின்றார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் பங்கின் சந்தைவெளியிலும் இன்று சிலர் நின்றுகொண்டிருக்கின்றனர். வரும் ஞாயிறன்று அவர்களை அவர்களுடைய பெயர் சொல்லி அழைப்போம்.